வறுமை ஒழிப்புச் சங்க உறுப்பினரை மீண்டும் நியமிப்பது ஊரார் முன்னிலையில் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊராட்சியின் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தைத் திருத்தி அமைக்கப் போகிறார்கள் என்றும், மாற்றுத்திறனாளிகளின் சார்பில் இரண்டு முறை உறுப்பினராக இருந்த பெண்மணிக்கு இந்த முறை இடமில்லை என்றும் சென்ற மாதம் வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. தீர்மானம் எதுவும் படிக்கப்படவில்லை. குடியிருப்புக் கூட்டம் கூட்டப்படவில்லை. அவருக்குப் பதிலாக யாரைச் சேர்க்கலாம் என்று அவருடைய தெருவில் ஒருவரிடமும் கேட்கப்படவில்லை. அவரை மீண்டும் நியமிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் என் கருத்தைவிட, அந்தச் சங்கம் யாருக்காக இருக்கிறதோ அவர்களுடைய கருத்துதான் இதில் பெரிது. அவர் தொடர்வதா, விலகுவதா என்பதை அவர்கள் கூடியிருக்கும் இடத்தில், அவர்கள் காதுபடப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற ஊர்ப்புற நூலகர். சங்கத்தின் வரவு செலவைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக் குழுவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். எனவே கணக்கு நோட்டுகளையும் பார்த்திருக்கிறேன். நோட்டுக்கு வெளியே நடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சங்கங்கள் எப்படி வந்தன என்பதை இன்றைய இளைஞர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். உலக வங்கியின் நிதியுதவியுடன் 2005 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய புது வாழ்வு திட்டத்தில்தான், ஊராட்சிதோறும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் என்ற அமைப்பு உருவானது. ஊராட்சித் தலைவர் தம் பதவியின் வழியாகவே அதற்குத் தலைவர். அவருடன் குடியிருப்புகளின் சார்பில் வருகிறவர்கள் உறுப்பினர்கள். அதில் பெண்களுக்கும், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்தது அன்றைக்குப் பெரிய காரியம். மக்கள் நிலை ஆய்வு என்ற பெயரில் ஊரார் ஒன்றாக உட்கார்ந்து, எந்த வீடு வசதியானது, எது நடுத்தரம், எது ஏழை, எது மிகவும் ஏழை என்று தாங்களே பிரித்துச் சொல்ல, அந்தப் பட்டியல் கிராம சபையில் படிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது. அந்தத் திட்டம் முடிந்த பின்பும், தமிழ்நாடு மாநில ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் இந்தச் சங்கங்கள் தொடர்கின்றன. நலிந்தோருக்கான உதவி, இளைஞர்களுக்கான திறன் பயிற்சி என்று அவற்றுக்கு வேலை இருக்கிறது. ஆனால் சங்கத்தின் உயிர் பணத்தில் இல்லை, பட்டியலில் இருக்கிறது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்த ஒருவர் உள்ளே இருக்கும் வரைதான் அது வறுமையை ஒழிக்கும் சங்கம்.

நான் குறிப்பிடும் பெண்மணி அப்படித் தெரிந்தவர். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவர். எங்கள் பகுதிப் பெண்கள் பலரையும் போல வீட்டிலிருந்தபடியே முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கிறவர். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் கொட்டையின் எண்ணெய் விரலில் ஏறாமல் இருப்பதில்லை; கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்து, தோல் உரிந்து, மறுபடி கறுக்கும். அந்த விரல்களால் அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். குடும்ப அட்டை எந்த வகை, முதியோர் உதவித்தொகை வருகிறதா, நின்றுவிட்டதா, எந்த மாதம் நின்றது, மனு எந்தத் தேதியில் கொடுத்தது, அடுப்பெரிப்பது யார் என்று அதில் இருக்கும். எழுத்துப் பிழைகள் உண்டு. தகவல் பிழை ஒன்றுகூட நான் கண்டதில்லை. தணிக்கைக் குழுவில் இருந்தபோது அலுவலகப் பதிவேட்டையும் அந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பல இடங்களில் பதிவேட்டைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து ஆண்டுதோறும் தைப் பொங்கல் கழிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். முன்பணம் வாங்கியிருப்பார்கள், அது கழியும்வரை திரும்ப முடியாது. மழை தொடங்கும் நேரத்தில்தான் வருவார்கள். பட்டியலைப் புதுப்பிக்க ஒருமுறை ஆள் வந்தது மாசி மாதத்தில். ஏழு வீடுகள் பூட்டிக் கிடந்தன. கதவைத் தட்டினார்கள், பூட்டைப் பார்த்தார்கள், ‘இடம்பெயர்ந்துவிட்டனர்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வந்தது அன்று ஒரு நாள். அவருக்குப் பூட்டுதான் தெரியும். இந்தப் பெண்மணியின் நோட்டில் அதே ஏழு வீடுகளுக்கும் ‘சூளைக்குப் போயிருக்கிறார்கள், வைகாசி கடைசியில் வருவார்கள், கிழவி மட்டும் மகள் வீட்டில் இருக்கிறாள்’ என்ற மாதிரி குறிப்புகள் இருந்தன. ஊரிலேயே மிகவும் ஏழைகள் யார் என்று கேட்டால் அந்த ஏழு வீட்டாரைத்தான் காட்ட வேண்டும். அவர்கள் ஏழைகளாக இருப்பதால்தான் வீடு பூட்டிக் கிடக்கிறது. வீடு பூட்டிக் கிடப்பதால் ஏழைகள் பட்டியலில் அவர்கள் இல்லை. சங்கக் கூட்டத்தில் நோட்டைப் பிரித்து வைத்து அவர் பேசிய பிறகுதான் அந்த ஏழு பெயர்களும் திரும்ப ஏறின.

ரேஷன் கடையில் நடந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொட்டை உடைக்கும் பெண்களுக்குக் கைரேகை இயந்திரத்தில் விழாது. தேய்ந்த ரேகை, மூன்று முறை, நான்கு முறை வைத்துப் பார்த்துவிட்டு, ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள். நாளைக்கு வந்தாலும் ரேகை வளர்ந்திருக்கப் போவதில்லை. ஒரு நாள் கூலியை விட்டு வந்து வெறும் பையோடு திரும்பும் அந்தப் பெண்களுக்கு, வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரச் சான்று கொடுக்க வழி உண்டு என்பதோ, கண் கருவிழியை வைத்துப் பொருள் வழங்கும் முறை வந்திருக்கிறது என்பதோ தெரியவில்லை. வீடு வீடாகச் சென்று அதைச் சொன்னவர், எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர் இவர்தான். தம் கையும் அதே கை என்பதால் அவருக்கு அது தெரிந்தது.

இப்போது அவரை விலக்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களுக்கு வருகிறேன்.

முதல் காரணம், அவர் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை என்பது. தீர்மான நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று கூட்டங்களும் எங்கே நடந்தன என்பது அதே நோட்டில் மேலே எழுதியிருக்கிறது. வழக்கமான இடத்தில் பராமரிப்பு வேலை நடந்ததால், ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்தன. பதினெட்டுப் படிகள், கைப்பிடிச் சுவர் இல்லை. முதல் கூட்டத்தன்று அவர் கீழேவரை வந்தார். படிக்கட்டின் அடியில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மேலே பேசுவது கீழே கேட்கவில்லை. கையெழுத்துக்கு மட்டும் நோட்டைக் கீழே கொண்டுவந்தார்கள். கேட்காத கூட்டத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று அவர் மறுத்துவிட்டார். அதனால் வருகைப் பதிவில் அன்றும் அவர் பெயருக்கு எதிரே வெற்றிடம்தான். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வராததில் என்ன வியப்பு? மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதியை மாடியில் கூட்டம் வைத்து வெளியே நிறுத்திவிட்டு, வரவில்லை என்று விலக்குவதை நியாயம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியவர் எங்கள் ஊரில் இருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

இரண்டாவது காரணம், புதியவர்களுக்கு வழி விட வேண்டும் என்பது. இதை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. இதில் உண்மை இருக்கிறது. ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் ஒரே நாற்காலியில் இருந்தால், ஏழைகளுக்கும் அரசுக்கும் நடுவே அவர் ஒரு வாசற்கதவு ஆகிவிடுவார். அவரைக் கும்பிட்டால்தான் திறக்கும் என்ற நிலை வந்துவிடும். அப்படி நடந்த ஊர்களை நான் அறிவேன். சொல்லப்போனால் எங்கள் ஊரிலேயே, சங்கத்தின் தொடக்க காலத்தில், கையெழுத்துப் போடும் அதிகாரம் ஓரிருவரிடமே நெடுங்காலம் தங்கிப்போனதால் உதவி அவர்களுடைய சொந்தக்காரர்களையே சுற்றிச் சுற்றி வந்தது. அதைக் கண்டுபிடித்து எழுதிய தணிக்கைக் குழுவில் நானும் இருந்தேன். ஆகவே ‘பழையவர் என்பதால் தொடரட்டும்’ என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் வழி விடுதல் என்பது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் அல்லவா? இவரோடு அதே இரண்டு முறை இருந்த வேறு சிலருடைய பெயர்கள் இந்த முறையும் பேச்சில் அடிபடுகின்றன. அவர்களுக்குப் பொருந்தாத விதி இவருக்கு மட்டும் எப்படிப் பொருந்துகிறது? மேலும், நாற்காலியைப் பிடித்துக்கொள்பவரை வெளியேற்ற வேண்டும் என்றால், அதற்கான கருவி சங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. சமூகத் தணிக்கைக் குழு அவருடைய காலத்தில் நடந்த வரவு செலவையும், அவர் பரிந்துரைத்த பெயர்களையும், அந்தப் பெயர்களுக்கும் அவருக்கும் உள்ள உறவையும் எழுத்தில் தரட்டும். அதைக் கிராம சபையில் படிக்கட்டும். தவறு இருந்தால் அவரை அனுப்பிவிட முதலில் கை தூக்குபவன் நானாக இருப்பேன். தவறு இல்லை என்றால், அவருக்கு விருப்பமும் தெருவுக்குச் சம்மதமும் இருந்தால், மீண்டும் நியமிப்பதற்கு என்ன தடை? புதியவர்களை வரவேற்கத்தான் வேண்டும்; அவருடைய பக்கத்தில் ஓர் இளம்பெண்ணை உட்கார வைத்து, அந்த நோட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்து, அடுத்த முறை அவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். ஒரே நாளில் மாற்றினால் நோட்டு ஒரு வீட்டில் கிடக்கும், உறுப்பினர் வேறு வீட்டில் இருப்பார்.

இந்த விஷயம் வாய்மொழியில் முடிந்துபோகும் ஆபத்து இப்போது ஏன் கூடியிருக்கிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த எங்களைப் போன்ற மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அன்றுமுதல் அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்பில்தான் ஊராட்சிகள் நடக்கின்றன. பதவி வழியில் சங்கத்துக்குத் தலைவராக இருக்க வேண்டிய, மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. வார்டு உறுப்பினர்களும் இல்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளும் 388 ஊராட்சி ஒன்றியங்களும் இருக்கின்றன. சராசரியாகப் பார்த்தால் ஓர் ஒன்றியத்துக்கு 32 ஊராட்சிகள். அத்தனை ஊர்களையும் கவனிக்க வேண்டிய ஓர் அலுவலர் எந்தத் தெருவில் எந்த வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது அவருக்கே அநீதி. அவருக்கு யாராவது ஒருவர் பெயர்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்பவர் யார் என்பதுதான் கேள்வி. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத இந்தக் காலத்தில், ஊரின் அருகில் மிச்சம் இருக்கும் அமைப்பு இந்தச் சங்கம் ஒன்றுதான். அதையும் ஊரைக் கேட்காமல் மாற்றி அமைத்தால், ஏழைகள் சார்பில் பேச ஊருக்குள் எவரும் மிஞ்ச மாட்டார்கள்.

உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை வைத்து வறுமையை அளந்து நிதி ஆயோக் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி தமிழகத்தில் வறுமையில் இருப்போர் 2015-16-இல் 4.76 விழுக்காடாக இருந்து 2019-21-இல் 2.20 விழுக்காடாகக் குறைந்திருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் 2011 கணக்கெடுப்பின் 7.21 கோடி மக்கள்தொகையை வைத்துப் பார்த்தாலும் அது 15 லட்சம் பேருக்கு மேல். நூற்றுக்கு முப்பது நாற்பது பேர் ஏழைகளாக இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏழை அகப்படுவார். நூற்றுக்கு இரண்டு பேர் என்று ஆன பிறகு அவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் பூட்டிய வீட்டில், மகள் வீட்டுத் திண்ணையில், ரேகை விழாத விரலில் இருக்கிறார்கள். 2024-25 நிதிநிலை அறிக்கையில், மிகவும் வறிய நிலையில் உள்ள 5 லட்சம் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளில் கைதூக்கிவிடுவதாக அறிவித்தபோது அரசின் முன் இருந்த வேலையும் இதுதான். அண்டை மாநிலமான கேரளம் அதீத வறுமையில் இருந்த 64,006 குடும்பங்களை உள்ளாட்சிகள் வழியே கண்டறிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே திட்டம் வகுத்துச் செயல்பட்டு, 2025 நவம்பர் 1 அன்று அதீத வறுமை அற்ற மாநிலமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அந்த அறிவிப்பைப் பற்றிப் பொருளியல் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லித் தேடினார்கள் என்பதை மறுக்க முடியாது. கடல் கடந்து அமெரிக்காவில்கூட, உள்ளூர் வறுமை ஒழிப்பு நிறுவனங்களின் வாரியத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஏழை மக்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்கள் மக்களாட்சி முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏழைகளுடையது என்று அங்கே எழுதி வைத்திருப்பதை நம் ஊரில் நடைமுறையிலாவது ஏற்றுக்கொள்ளலாமே.

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஊமையாக இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 37-ஆம் பிரிவு, வறுமை ஒழிப்புத் திட்டங்கள் அனைத்திலும் அவர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு தர வேண்டும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்கிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழக சட்டப் பேரவை 2025 ஏப்ரலில் சட்டத் திருத்தம் நிறைவேற்றியபோது, எங்கள் தெருவில் இனிப்புக் கொடுத்தவர் இந்தப் பெண்மணி. மன்றத்துக்குள் அவர்களை அழைக்கும் சட்டம் வந்திருக்கும் நேரத்தில், ஏற்கெனவே சங்கத்துக்குள் இருப்பவரைப் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்துவது எந்த விதத்தில் பொருந்தும்?

ஆகவே இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தையும், ஊராட்சியின் தனி அலுவலரையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். சங்கத்தைத் திருத்தி அமைப்பதை வரும் ஜனவரி 26 கிராம சபையின் பொருள் நிரலில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்பாக ஒவ்வொரு குடியிருப்பிலும், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு மாலை நேரத்தில் ஒரு கூட்டம் வைத்து, யார் வேண்டும் என்று கேட்க வேண்டும். எங்கள் ஊரில் சூளைக்குப் போகும் லாரி பொங்கல் கழிந்த நான்காம் ஐந்தாம் நாளில் வந்துவிடும். எனவே அந்த ஏழு வீட்டார் இருக்கும்போதே குடியிருப்புக் கூட்டங்களை முடிக்க வேண்டும் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும். அவர்கள் போன பிறகு கிராம சபையில் கேட்டால், அந்தப் பெண்மணிக்காகப் பேச வேண்டியவர்களே ஊரில் இருக்க மாட்டார்கள். சமூகத் தணிக்கைக் குழுவின் அறிக்கையைக் குடியிருப்புக் கூட்டத்திலும் கிராம சபையிலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கூட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால், நூலகத்துக்கு முன்னால் உள்ள வேப்பமரத்தடி காலியாகத்தான் இருக்கிறது. அங்கே படி கிடையாது. நான் பணியில் இருந்த காலத்தில் வாசகர்களுக்காக வாங்கிப் போட்ட பெஞ்சுகள் நான்கு இப்போதும் இருக்கின்றன. தேவைப்பட்டால் என் வீட்டு நாற்காலிகளையும் கொண்டுவந்து போடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஊர்ப்புற நூலகர்,
கடலூர் மாவட்டம்.